ஒரே வாக்கில் எட்டுப் பேர்: அர்கினுசே தளபதிகள் வழக்கு, கி.மு. 406

கி.மு. 406இல் ஏதென்ஸ் நகரம், தனக்குப் பெரிய கடற்போர் ஒன்றை வென்று கொடுத்த எட்டுத் தளபதிகளுக்கு ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை விதித்தது. ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து ஊர் திரும்பாத இருவர் பிழைத்தார்கள். திரும்பி வந்த ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர், ஏதென்ஸின் புகழ்பெற்ற அரசியல் தலைவர் பெரிக்கிளிஸுக்கும் அவர் துணைவி அஸ்பாசியாவுக்கும் பிறந்த மகன். அவர் பெயரும் பெரிக்கிளிஸ்தான்.

பேச்சால் இணங்க வைப்பது எப்போது அநீதியாகிறது என்ற கேள்விக்கு கிரேக்க உலகில் இதைவிடப் பொருத்தமான வழக்கைக் காண்பது அரிது. தளபதிகளுக்கு எதிராகப் பேசியவர்கள் சொன்னவற்றில் பச்சைப் பொய் என்று சுட்டத்தக்கது மிகக் கொஞ்சம். மாலுமிகள் மூழ்கினார்கள், உண்மை. தளபதிகள் அவர்களை மீட்கவில்லை, அதுவும் உண்மை. உறவினர்களின் துயரத்தில் பெரும்பகுதியாவது உண்மையாகத்தான் இருந்திருக்கும். இவ்வளவு உண்மைகளை வைத்துக்கொண்டு எப்படி இப்படியொரு தீர்ப்பு வந்தது? விசாரணையின் வரிசையும் கால அளவும் குலைக்கப்பட்ட விதத்தைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும். சொற்களை மட்டும் ஆராய்ந்தால் கிடைக்காது.

நமக்கிருக்கும் முதன்மைச் சான்றுகள் இரண்டு. ஒன்று, சமகாலத்தவரான செனபோன் தன் கிரேக்க வரலாற்றின் முதல் நூலில் எழுதியது. மற்றொன்று, பல நூற்றாண்டுகள் கழித்து டியோடோரஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியது. முக்கியமான இடங்களில் இரண்டும் முரண்படுகின்றன. அந்த முரண்களை வரும் இடத்தில் சொல்கிறோம்.

கடலில் நடந்தது

ஏதென்ஸோடு போரிட்டுக்கொண்டிருந்த ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தலைவர் கல்லிக்ராட்டிடஸ், ஏதென்ஸ் தளபதி கோனனை லெஸ்போஸ் தீவின் மிட்டிலினி துறைமுகத்துக்குள் அடைத்து வைத்திருந்தார். செய்தி வந்ததும் ஏதென்ஸ் 30 நாளில் 110 கப்பல்களைக் கடலில் இறக்கியது. துடுப்புப் போட ஆள் போதாமல் அடிமைகளையும் ஏற்றியது. சாமோஸும் மற்ற நட்பு நாடுகளும் கொடுத்தவற்றைச் சேர்த்து எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. எதிரில் 120 கப்பல்கள். லெஸ்போஸுக்கு எதிரே, ஆசியக் கரையை ஒட்டிய அர்கினுசே தீவுகளுக்கு அருகே நடந்த போரில் கல்லிக்ராட்டிடஸ் கடலில் விழுந்து மாண்டார். அவர் தரப்பில் ஏறத்தாழ 70 கப்பல்கள் போயின. ஏதென்ஸ் இழந்தது 25. டிரைரீம் என்ற மூன்றடுக்குத் துடுப்புப் போர்க்கப்பல் ஒன்றில் சுமார் 200 பேர் இருப்பார்கள்.

வென்ற தளபதிகள் எட்டுப் பேர். கரையில் நடந்த ஆலோசனையில் அவர்கள் ஒரே கருத்தில் இல்லை. எல்லாக் கப்பல்களும் போய் உடைந்த கப்பல்களில் இருப்பவர்களை மீட்க வேண்டும் என்றார் டியோமிடன். எல்லாரும் மிட்டிலினிக்குப் போய் மிச்சமுள்ள எதிரியை அடிக்க வேண்டும் என்றார் எராசினிடிஸ். படையைப் பிரித்து இரண்டையும் செய்யலாம் என்று திராசில்லஸ் சொன்னார், அதுவே முடிவாயிற்று. மீட்புக்கு ஒதுக்கிய கப்பல்களின் கணக்கும் பதிவாகியிருக்கிறது: எட்டுத் தளபதிகளின் அணிகளிலிருந்து தலா 3, படைத்தலைவர்களின் 10, சாமோஸின் 10, கடற்படை அதிகாரிகளின் 3, ஆக 47. இன்னும் மிதந்துகொண்டிருந்த சிதைந்த கப்பல்கள் 12. ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில் ஒதுக்கியிருக்கிறார்கள். பொறுப்பு, கப்பல் தலைவர்களாக அங்கிருந்த தெரமெனிஸ், திராசிபுலஸ் ஆகியோரிடமும் சில படைத்தலைவர்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. பிறகு புயல் வந்தது. மீட்புக் கப்பல்களும் போகவில்லை, தாக்குதல் கப்பல்களும் போகவில்லை.

குற்றம் என்று ஒன்று இருந்தாலும் அது எட்டுப் பேருக்கும் ஒரே அளவில் இருக்க முடியாது. எல்லாரையும் மீட்கப் போகலாம் என்று வாதாடியவரும், மீட்பே வேண்டாம் என்றவரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். தளபதிகளில் ஒருவர் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து தற்செயலாகப் பிழைத்தவர்; அவரே மீட்கப்பட வேண்டியவராக இருந்தார்!

கடிதம்

தளபதிகள் ஊருக்கு அனுப்பிய கடிதத்தில் புயலை மட்டுமே காரணமாகச் சொன்னார்கள். மீட்பு வேலை தெரமெனிஸிடம் கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதலாம் என்று சிலர் நினைத்தபோது, பெரிக்கிளிஸும் டியோமிடனும் வேண்டாம் என்று தடுத்ததாகப் பின்னால் அவர்களுக்காகப் பேசிய யூரிப்டோலமஸ் சொல்கிறார். சக வீரர்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்தக் கடிதத்தையே தெரமெனிஸ் மக்கள் சபையில் தூக்கிக் காட்டினார். புயலைத் தவிர வேறு யாரையும் இவர்கள் குறை சொல்லவில்லை, இப்போது மட்டும் ஏன் எங்களை இழுக்கிறார்கள் என்பது அவர் வாதம்.

டியோடோரஸ் இதைத் தலைகீழாகச் சொல்கிறார். மக்களிடம் தங்கள்மேல் பழி சொல்லிவிட்டவர்கள் தெரமெனிஸ் தரப்புதான் என்று சந்தேகித்துத் தளபதிகளே முதலில் அவர்களைக் குற்றஞ்சாட்டி எழுதினார்களாம், அதனால்தான் அவர் எதிரியானாராம். செனபோனே காட்டும் பிற்காலக் காட்சி ஒன்றில், மக்களாட்சியைக் கவிழ்த்து முப்பது பேர் ஆண்ட முப்பதின்மர் ஆட்சியில் தன் உயிருக்காகப் பேசும் தெரமெனிஸும், நான் தொடங்கவில்லை, அவர்கள்தான் தொடங்கினார்கள் என்கிறார். எது சரியோ, தெரமெனிஸின் நிலை ஒன்றுதான். யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும், அது தானாக இருக்கக் கூடாது. இந்த வழக்கில் சாட்சியாக நிற்க வேண்டியவர் குற்றஞ்சாட்டுபவராக மாறினார். முதல் பிசகு இது.

முதல் கூட்டம்

வழக்கு தொடங்கியதே வேறொரு கணக்கில். இரண்டு ஒபோல் (சிறு வெள்ளிக் காசு) உதவித்தொகைக்குப் பொறுப்பான ஆர்க்கெடெமஸ், ஹெலஸ்பாண்ட் நீரிணையிலிருந்து வந்த பொதுப்பணத்தை வைத்திருந்ததாக எராசினிடிஸ் மேல் வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார். அதன் பிறகே மற்றவர்கள், மக்கள் சபைக்கு முன்மொழிவுகளைத் தயாரிக்கும் ஐந்நூறுவர் மன்றத்தில் போரைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். அவர்களையும் கட்டி மக்கள் சபையிடம் ஒப்படைக்கலாம் என்று திமோக்ராட்டிஸ் சொல்ல, மன்றம் அப்படியே செய்தது.

சபையில் தளபதிகள் ஒவ்வொருவரும் சுருக்கமாகத்தான் பேச முடிந்தது. சட்டப்படி தற்காப்புக்கு உரிய நேரம் தரப்படவில்லை என்று செனபோன் தெளிவாகக் குறிக்கிறார். நேரம் என்பது ஏதென்ஸில் பேச்சுக்குச் சொல்லும் பொருள் அல்ல, அளந்து தரும் பொருள். நீதிமன்றத்தில் நீர்க்கடிகாரம் வைத்து இரு தரப்புக்கும் அளப்பார்கள். ஏதென்ஸ் அகோராவில் தோண்டியெடுத்த ஒரு சுடுமண் நீர்க்கடிகாரம் 2 கூஸ், அதாவது சுமார் 6.4 லிட்டர் கொள்ளும். கீழேயுள்ள துளை வழியாக வடிந்து தீர ஆறு நிமிடம். அதன்மேல், ஏதென்ஸ் குடிமக்களின் பத்துக் குலப்பிரிவுகளில் ஒன்றான அந்தியோக்கிஸின் பெயர் எழுதியிருக்கிறது. சாக்ரடீஸ் சேர்ந்த குலப்பிரிவு அதுதான்.

அந்தக் குறுகிய நேரத்திலும் தளபதிகள் சபையைத் தங்கள் பக்கம் திருப்பத் தொடங்கிவிட்டார்கள். புயலின் கடுமைக்குச் சாட்சியாகக் கப்பல் ஓட்டிகளை நிறுத்தினார்கள். தெரமெனிஸ் எங்களைக் குற்றஞ்சாட்டினாலும் நாங்கள் அவரைப் பொய்யாகக் குற்றஞ்சாட்ட மாட்டோம், புயல்தான் காரணம் என்றார்கள். பிணை நிற்கத் தயார் என்று பலர் எழுந்தார்கள். அதற்குள் இருட்டிவிட்டது. தூக்கிய கைகளைப் பார்க்க முடியாது என்று வாக்கெடுப்பைத் தள்ளிவைத்து, இவர்களை எப்படி விசாரிப்பது என்று மன்றம் ஒரு முன்மொழிவு கொண்டுவரட்டும் என்று முடிவு செய்தார்கள்.

இடையில் வந்த திருவிழா

இடையில் அப்பட்டூரியா வந்தது. உறவுக் குழுக்கள் கூடி, புதிதாகப் பிறந்த பிள்ளைகளைப் பதிவு செய்யும் விழா. அந்த ஆண்டு கூடியபோது யார் வரவில்லை என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்தது. தெரமெனிஸ் தரப்பு கறுப்பு உடையும் மழித்த தலையுமாகப் பலரை ஏற்பாடு செய்து, செத்தவர்களின் உறவினர் என்று சபைக்குக் கொண்டுவந்தது என்கிறார் செனபோன். உறவினர்கள் தாங்களாகவே துக்க உடையில் வந்தார்கள் என்கிறார் டியோடோரஸ். தெரமெனிஸின் நேர்மையை எடைபோட இந்த வேறுபாடு முக்கியம். வழக்கின் நேர்மைக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. கூலிக்கு வந்தாலும் கண்ணீரோடு வந்தாலும், மழித்த தலை எராசினிடிஸ் என்ன சொன்னார், டியோமிடன் என்ன சொன்னார் என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது.

காலிக்சேனஸின் தீர்மானம்

மன்றத்தின் வழியாக இரண்டாம் கூட்டத்துக்கு வந்த தீர்மானத்தை முன்வைத்தவர் காலிக்சேனஸ். அதன் உள்ளடக்கம் இது: குற்றஞ்சாட்டியவர்களையும் தளபதிகளையும் முந்தைய கூட்டத்தில் கேட்டாயிற்று, எனவே எல்லா ஏதென்ஸ் மக்களும் குலப்பிரிவு வாரியாக வாக்களிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு தாழிகள். கடற்போரில் வென்றவர்களை எடுத்துவராமல் விட்டதில் தளபதிகள் குற்றம் செய்தார்கள் என்று கருதுபவர் முதல் தாழியிலும், இல்லையென்பவர் அடுத்ததிலும் தன் வாக்குக் கூழாங்கல்லைப் போட வேண்டும். குற்றம் உறுதியானால் மரண தண்டனை, பதினொருவர் என்ற சிறை அதிகாரிகளிடம் ஒப்படைப்பு, சொத்துப் பறிமுதல், அதில் பத்திலொன்று தெய்வத்துக்கு.

பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும் இந்த வாசகத்தில் நான்கு ஓட்டைகள் உண்டு. கேட்டாயிற்று என்பது முதலாவது. முந்தைய கூட்டம் எப்படி விசாரிப்பது என்று தீர்மானிக்கக் கூடியது. அங்கே நடந்த அரைகுறைப் பேச்சை முழு விசாரணையாகக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். அடுத்தது சபையின் இயல்பு. நீதிமன்ற நடுவர் குழுபோல அது நிலையான ஆட்கள் கொண்டதல்ல, அன்றன்று வருபவர்களே சபை. கப்பல் ஓட்டிகளின் சாட்சியத்தை ஒரு கூட்டம் கேட்டது, தீர்ப்பைச் சொன்னது வேறொரு கூட்டம்; அதன் எதிரில் கறுப்பு உடைதான் இருந்தது. மூன்றாவதாக, எடுத்துவராமல் விட்டது உயிரோடு தத்தளித்தவர்களையா, பிணங்களையா என்று குற்றச்சாட்டு பிரித்துச் சொல்லவில்லை. செனபோனைப் படித்தால் முன்னது போலவும், டியோடோரஸைப் படித்தால் பின்னது போலவும் இருக்கிறது. இறந்தவரை அடக்கம் செய்யாமல் விடுவது கிரேக்கருக்குச் சமயக் குற்றம், உயிரைக் காக்கத் தவறுவது கடமைக் குற்றம். இரண்டுக்கும் தற்காப்பு வேறு. நான்காவதுதான் உயிரை வாங்கியது: எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கு.

இந்தக் கூட்டத்தில்தான் ஒருவர் எழுந்து, தான் மாவுத் தொட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிழைத்ததாகச் சொன்னார். அருகே மூழ்கிக்கொண்டிருந்தவர்கள், நீ பிழைத்தால் நாட்டுக்காகச் சிறப்பாகப் போரிட்டவர்களைத் தளபதிகள் எடுத்துவரவில்லை என்று மக்களிடம் சொல் என்றார்களாம். சாட்சியமாக இதை எடைபோட்டால், அவருக்கு நேரில் தெரிந்தது ஆட்கள் மூழ்கினார்கள் என்பது மட்டும். அதை யாருமே மறுக்கவில்லை. கரையில் என்ன உத்தரவு போனது, யார் கடலுக்குப் போகவில்லை என்பது தொட்டியைப் பிடித்து மிதந்தவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் செத்தவர்களின் வாய்மொழியை யார் குறுக்கு விசாரணை செய்வது?

தடைகள் விழுந்த வரிசை

இப்படிப்பட்ட தீர்மானத்தைத் தடுக்க ஏதென்ஸிடம் முறைகள் இருந்தன. சட்டத்துக்கு முரணான தீர்மானம் என்று முன்மொழிந்தவர் மேலேயே வழக்குப் போடலாம். நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை தீர்மானம் நிற்கும். யூரிப்டோலமஸும் சிலரும் அதைத்தான் செய்தார்கள். மக்கள் விரும்பியதைச் செய்ய விடாமல் தடுப்பது அக்கிரமம் என்று கூட்டம் கூச்சல் போட்டது. உடனே லிசிஸ்கஸ் என்பவர், தடை கோருபவர்கள் விலகாவிட்டால் அவர்களையும் தளபதிகளோடு சேர்த்து அதே வாக்கில் தீர்க்கலாம் என்று முன்மொழிந்தார். அவர்கள் விலகிக்கொண்டார்கள். வாதத்துக்குப் பதில் சொல்லாமல் வாதம் செய்பவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கும் உத்தி அப்போதே முழு வளர்ச்சி அடைந்துவிட்டது.

அடுத்த தடை, கூட்டத்தை நடத்திய முறைக்குழு. மன்றத்தின் பத்துப் பிரிவுகளில் ஒன்று, 50 பேர், ஆண்டில் பத்திலொரு பங்கு காலம் இந்தப் பொறுப்பில் இருப்பார்கள். அப்போது முறை அந்தியோக்கிஸுடையது. சிலர் சட்டத்துக்கு மாறாக வாக்கெடுக்க மறுத்தார்கள். காலிக்சேனஸ் மேடையேறி அவர்கள்மேலும் அதே குற்றத்தைச் சாட்டியதும் பயந்து ஒப்புக்கொண்டார்கள், சோப்ரோனிஸ்கஸ் மகன் சாக்ரடீஸ் ஒருவரைத் தவிர. பேச்சாளர்கள் தன்னைச் சிறைக்கு இழுக்கத் தயாராக நின்றதை அவர் பின்னாளில் தன் வழக்கில் நினைவுகூர்வதாக பிளேட்டோ எழுதுகிறார். அன்று தலைமை இருக்கையில் இருந்தவரே அவர்தான் என்று செனபோன் வேறோர் இடத்தில் சொல்கிறார், பிளேட்டோ அப்படிச் சொல்லவில்லை. எப்படியானாலும் அவர் மறுப்பால் வாக்கெடுப்பு நிற்கவில்லை. சாக்ரடீஸை மெச்சும் அவசரத்தில் இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கடைசித் தடை யூரிப்டோலமஸின் மாற்றுத் தீர்மானம். அவர் பெரிக்கிளிஸின் உறவினர், அதை மறைக்கவும் இல்லை. விடுதலை செய்யுங்கள் என்று அவர் கேட்கவில்லை. கன்னோனஸ் என்பவர் முன்பு கொண்டுவந்த தீர்மானப்படி விசாரியுங்கள் என்றார். அது தளபதிகளுக்குச் சாதகமானதே அல்ல. குற்றஞ்சாட்டப்பட்டவர் கட்டப்பட்ட நிலையில் பதில் சொல்ல வேண்டும், குற்றம் உறுதியானால் படுகுழியில் எறிவார்கள். அல்லது கோயில் கொள்ளையருக்கும் துரோகிகளுக்கும் உரிய சட்டப்படி நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள் என்றார். எதுவானாலும் ஒவ்வொருவராக; என் உறவினன் பெரிக்கிளிஸிலிருந்தே தொடங்குங்கள். பகலை மூன்றாகப் பிரித்து, கூடி வாக்களிக்க ஒரு பகுதி, குற்றச்சாட்டுக்கு ஒன்று, தற்காப்புக்கு ஒன்று.

கை தூக்கி எடுத்த வாக்கில் அவர் தீர்மானமே முதலில் வென்றது. மெனெக்லிஸ் என்பவர் சத்தியப் பிரமாணத்தோடு ஆட்சேபித்தார். மறுபடி வாக்கெடுத்தார்கள், மன்றத்தின் தீர்மானம் வென்றது. சற்றுமுன் தளபதிகளுக்காகச் சட்டத்தடை கேட்டவர்களை மிரட்டி உட்காரவைத்த அதே கூட்டத்தில், எதிர்த்தரப்பின் ஆட்சேபம் தடையின்றி ஏற்கப்பட்டது. பிறகு தாழிகள். ஒருவர் எந்தத் தாழிப் பக்கம் போகிறார் என்று அடுத்தவர் பார்க்கக்கூடிய அந்த ஏற்பாட்டில், கூச்சல் போட்டவர்களுக்கு நடுவே இரண்டாம் தாழிக்கு நடப்பது எளிதாக இருந்திருக்காது.

சாகப்போகும் முன் டியோமிடன் கேட்டது, போருக்கு முன் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டதை நாங்கள் செலுத்த முடியாது, நீங்கள் செலுத்திவிடுங்கள் என்பதுதான் என்கிறார் டியோடோரஸ்.

யார் குற்றவாளி?

சில காலத்திலேயே ஏதென்ஸ் வருந்தியது. மக்களை ஏமாற்றியவர்கள் என்று காலிக்சேனஸ் மேலும் இன்னும் நால்வர் மேலும் நடவடிக்கை எடுக்க வாக்களித்தது. அவர்கள் உள்நாட்டுக் குழப்பத்தில் தப்பினார்கள். 403இல் காலிக்சேனஸ் திரும்பி வந்தபோது யாரும் முகம் கொடுக்கவில்லை, பட்டினியால் செத்தார்.

இந்த ஏமாற்றியவர்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. சிசிலியிலிருந்து வந்த பேச்சுக்கலை ஆசான் கோர்கியாஸ், ஹெலனைப் புகழ்ந்து எழுதிய உரையில், பேச்சு மிகச் சிறிய உடல் கொண்டு மிகப் பெரிய காரியம் செய்யும் பேரரசன் என்றார். மருந்து உடலைப் பாதிப்பதுபோல் அது உள்ளத்தைப் பாதிக்கும், எனவே பேச்சுக்கு இணங்கி டிராய்க்குப் போன ஹெலன் மேல் குற்றமில்லை, இணங்க வைத்தவன் மேலேயே குற்றம் என்பது வாதம். ஏதென்ஸ் மக்கள் தங்களுக்கு வழங்கிக்கொண்டது இதே விடுதலைதான். கையில் கூழாங்கல்லை வைத்திருந்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் ஆனார்கள். எங்கள் பார்வையில் இந்த வாதம் செல்லாது. லிசிஸ்கஸின் மிரட்டலுக்கு ஆரவாரம் செய்தவர்களை யாரும் மருந்து கொடுத்து மயக்கவில்லை. கேட்கவே மாட்டோம் என்று தடுத்தவர்கள் அவர்கள்.

பிளேட்டோ தன் கோர்கியாஸ் உரையாடலில் குறிவைக்கும் இடம் வேறு. நீதிமன்றத்திலும் கூட்டத்திலும் பேச்சாளர் நம்பிக்கையை உண்டாக்குகிறாரே தவிர அறிவை அல்ல என்று கோர்கியாஸையே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, சாக்ரடீஸ் ஒரு காரணம் சேர்க்கிறார்: இவ்வளவு பெரிய விஷயங்களை இவ்வளவு பெரிய கூட்டத்துக்குக் குறுகிய நேரத்தில் யாராலும் கற்பிக்க முடியாது. அதே உரையாடலில், தான் மன்ற உறுப்பினராக இருந்தபோது வாக்கெடுக்கத் தெரியாமல் சிரிப்புக்கு இடமானதாகவும் சொல்கிறார். பலர் அதை இந்த வழக்கோடு இணைத்துப் படிக்கிறார்கள். எதிரில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை மட்டும் சாட்சியாக்கத் தனக்குத் தெரியும், பலரோடு பேசுவதே இல்லை என்பது அடுத்த வரி. யூரிப்டோலமஸ் சபையில் கேட்டதும், சாக்ரடீஸ் தெருவில் செய்ததும் ஒன்றுதான்: ஒவ்வொருவராக. வித்தியாசம், யூரிப்டோலமஸ் அதைக் கூட்டத்திடமே வாதாடிக் கேட்டார், ஒருமுறை வென்றும் காட்டினார். பேச்சுக்கலை முழுவதையும் முகத்துதி என்று தள்ளும் பிளேட்டோவின் சாக்ரடீஸுக்கு இந்த மனிதரை வைக்க ஓர் இடம் இல்லை.

அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. பேச்சுக்கலை வலிமை, செல்வம், படைத்திறன்போல நல்லதற்கும் கெட்டதற்கும் பயன்படும் என்று சொல்லும் அவர், நடுவரைக் கோபத்தாலோ பொறாமையாலோ இரக்கத்தாலோ திரிப்பது, அளக்கப்போகும் அளவுகோலையே வளைத்துவைப்பது போன்றது என்கிறார். அவர் சொல்லும் மருந்து பேச்சாளரின் மனச்சாட்சியை நம்பியதல்ல. சட்டம் நீண்ட நாள் யோசித்து எழுதப்படுகிறது, தீர்ப்போ அந்த நேரத்தில் சொல்லப்படுகிறது, ஆகவே முடிந்தவரை சட்டமே வரையறுத்துவிட்டு நடுவருக்குக் குறைவாக விட வேண்டும். அரியோபாகஸ் நீதிமன்றத்தில் விஷயத்துக்கு வெளியே பேசுவதற்கே தடை இருந்ததை எடுத்துக்காட்டுகிறார். கறுப்பு உடையும் மாவுத் தொட்டியும் அங்கே வாசலோடு நின்றிருக்கும்.

403இல் மக்களாட்சி மீண்டபோது ஏதென்ஸ் எழுதிக்கொண்ட விதிகளில் இரண்டு இங்கே பொருந்தும்: மன்றத்தின் தீர்மானமோ மக்களின் தீர்மானமோ சட்டத்தைவிட மேலானதல்ல; 6000 பேர் மறைவாக வாக்களித்தாலன்றி, தனி ஒருவரைக் குறிவைத்துச் சட்டம் இயற்றக் கூடாது. இவை முதன்மையாக முப்பதின்மர் ஆட்சிக்கு எதிர்வினை, ஆனாலும் காலிக்சேனஸின் தீர்மானம் இவற்றைத் தாண்டி வந்திருக்க முடியாது.

நான்கு ஆண்டு கழித்து, 399இல், சாக்ரடீஸ் மேல் வந்த வழக்கு நீதிமன்றத்தில் நடந்தது. தனியொருவர் மேல் வழக்கு, இரு தரப்புப் பேச்சு, அளந்த நேரம். யூரிப்டோலமஸ் கேட்டவை எல்லாம் இருந்தன. 30 வாக்குகள் இடம் மாறியிருந்தால் தப்பியிருப்பேன் என்றார் சாக்ரடீஸ். அதைவிடக் கூர்மையானது அவர் அடுத்துச் சொன்ன குறை: வேறு இடங்களில் உள்ளதுபோல, மரண தண்டனைக்குரிய வழக்கை ஒரே நாளில் முடிக்காமல் பல நாள் விசாரிக்கும் சட்டம் இங்கும் இருந்திருந்தால் நீங்கள் இணங்கியிருப்பீர்கள், இவ்வளவு குறைந்த நேரத்தில் பெரிய அவதூறுகளைக் கழுவ முடியாது.